மதுவும் மரமும் சுர்மாவும்
‘மெத்தில் ஆல்கஹால்’ என்னும் சொல்லின் வரலாறு

விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் வட்டத்தில் உப்பளங்களை அடுத்து, வங்கக் கடலோரத்தில் அமைந்த மீனவச் சிற்றூர் எக்கியார்குப்பம். 2023ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுப்பகுதியில் இச்சிற்றூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. சாராயம் என்று விற்கப்பட்ட ஒன்றை வாங்கிக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்தனர். அதே நாள்களில் அண்டையிலுள்ள செங்கல்பட்டு மாவட்டத்தின் சித்தாமூர்ப் பகுதியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தித்தாள்கள் முதலில் இதனைக் ‘கள்ளச்சாராயச் சாவு’ என்றே எழுதின. பின்னர் தடயவியல் ஆய்வின் முடிவை வெளியிட்ட காவல்துறை, அவர்கள் குடித்தது சாராயமே அன்று, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே நஞ்சு அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

மெத்தனாலுக்கு அறிவியல் நூல்களில் வழங்கும் மற்றொரு பெயர் மெத்தில் ஆல்கஹால். இது ஆங்கிலக் கூட்டுச்சொல். ஆயினும் இதன் உறுப்புகளில் ஒன்றேனும் ஆங்கிலத்தில் பிறந்ததன்று. கிரேக்கத்தின் இரு சொற்களும் அரபியின் ஒரு சொல்லும் இதனுள் அடங்கியுள்ளன. அவற்றின் பொருளை வரிசையாக வைத்தால் மது, மரம், கண்ணுக்கிடும் சுர்மா என்றாகும். நஞ்சு என்னும் பொருள் எங்கும் இல்லை. இம்மூன்றும் எவ்வாறு ஒன்றுகூடி ஒரு நஞ்சின் பெயராயின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்லாராய்ச்சி மொழிப் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உண்டு. ஒரு பொருளை எப்பெயரால் அழைக்கிறோம் என்பது சில வேளைகளில் உயிரைப் பற்றிய வினாவாகவும் ஆகிவிடுகிறது என்பதற்கு எக்கியார்குப்பம் சான்று.

முதல் உறுப்பு: மது

‘மெத்’ என்பது ‘மெதூ’ என்னும் பழங்கிரேக்கச் சொல்லின் சிதைவு. அதன் பொருள் மது. இச்சொல்லும் வடமொழியின் ‘மது’ என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் மூலமொழியில் தேனையும் தேனைப் புளிக்கவைத்து இறக்கிய பானத்தையும் குறித்த சொல்லிலிருந்து இவை பிறந்தன. ஆங்கிலத்தில் தேன்மதுவைக் குறிக்கும் ‘மீட்’ என்பதும் அவ்வேரைச் சார்ந்ததே. ஊதா நிறமுடைய ‘அமெதிஸ்ட்’ என்னும் மணிக்கல்லின் பெயருக்கு ‘போதை ஏற்றாதது’ என்று பொருள். அக்கல்லை அணிந்தவர்க்குப் போதை ஏறாது என்று கிரேக்கர் நம்பினர். வடமொழி மது தமிழுக்கும் வந்தது. ‘மதுவிலக்கு’ என்று நாம் சொல்லும்போதும் ‘மெத்தனால்’ என்று சொல்லும்போதும் நம் நாவில் உருள்வது ஒரே பழஞ்சொல் என்பது பலர் அறியாத செய்தி.

மதுவைக் குறிக்கத் தமிழுக்கே உரிய சொற்களும் உண்டு: கள், நறவு, தேறல். இவற்றுள் தேறல் என்பது தெளிந்த மது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தைப் பாடும்போது இத்தேறலைக் குறிப்பிடுகிறது. அலைகள் கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கி நெய்தல் நிலத்து நுளையர் மகள் தேறலை ஆக்குகிறாள். பரதவர் அதனை வந்தவர்க்கு ஊட்டுகின்றனர். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின், மதுவும் மரமும் ஒருசேரப் பேசப்படும் பழந்தமிழ்க் காட்சி இதே கடற்கரைக்கு உரியதாகிறது. ஆனால் அங்கே மரம் அடுப்பெரிக்க மட்டுமே பயன்பட்டது. மரத்திலிருந்தே ஒரு சாராயத்தை வடிக்கும் முறை பிற்காலத்தது.

இரண்டாம் உறுப்பு: மரம்

‘மெத்தில்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘இல்’, ‘ஹூலே’ என்னும் கிரேக்கச் சொல்லின் எச்சம். காடு, விறகு, வெட்டிய மரம் ஆகியவற்றை அது குறித்தது. அரிஸ்டாட்டில் இதற்குப் புதியதொரு பொருளை ஏற்றினார். தச்சன் மரத்துக்கு உருக்கொடுத்து நாற்காலியையோ படகையோ செய்கிறான். அவ்வாறே உலகப் பொருள் ஒவ்வொன்றிலும் உருவத்தை ஏற்கும் அடிப்படை ஒன்று உண்டு என்று கருதி, அதனை ஹூலே என்றே அழைத்தார். மரம் என்ற சொல் மூலப்பொருள் என்ற தத்துவக் கருத்தாயிற்று.

முஸ்லிம் தத்துவ நூல்களைப் பயின்றோர்க்கு இச்சொல் புதிதன்று. அப்பாஸியர் காலத்தில் கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டபோது ஹூலே ‘ஹயூலா’ ஆயிற்று. இப்னு சீனாவும் இப்னு ருஷ்தும் மூலப்பொருளையும் உருவத்தையும் விவாதிக்கும் இடங்களில் ‘ஹயூலா’, ‘ஸூரத்’ என்னும் இரு சொற்களையும் காணலாம். இவ்வாறு மெத்தில் என்பதன் ஈற்றுப்பகுதி அரபு மதரஸாக்களின் பாடத்திலும் இடம்பெற்ற சொல்லுக்கு உறவாகிறது.

இவ்விரு கிரேக்கச் சொற்களையும் இணைத்தவர்கள் பிரெஞ்சு வேதியியலாளர்களான ழான் பாப்திஸ்ட் தூமாவும் யூஜின் பெலிகோவும் ஆவர். மரத்தைக் காற்றுப்படாத கலத்தில் இட்டுச் சூடேற்றினால் ஆவி எழும். அதனைக் குளிர்வித்தால் எரியும் தன்மையுள்ள நீர்மம் கிடைக்கும். 1661இல் இராபர்ட் பாயில் ‘பாக்ஸ்’ என்னும் மரத்திலிருந்து இவ்வாறு ஒரு நீர்மத்தைப் பிரித்தெடுத்தார். தூமாவும் பெலிகோவும் 1834இல் அதன் இயைபைக் கண்டறிந்தபின், அதன் அடிப்படைக் கூறுக்கு ‘மெத்திலீன்’ என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து வரும் மது என்பதே அவர்கள் கருதிய பொருள். அதிலிருந்து சில ஆண்டுகளில் ‘மெத்தில்’ என்ற சுருங்கிய வடிவம் தோன்றியது.

கிரேக்கம் அறிந்தோர் இப்பெயரில் குறை கண்டனர். வெட்டிய கட்டையின் பொருளாகிய மரத்தைச் சொல்லக் கிரேக்கத்தில் ‘க்ஸூலோன்’ என்ற சொல் இருக்க, காட்டையும் விறகையும் முதன்மையாகக் குறிக்கும் ஹூலேயைத் தேர்ந்தது பொருந்தாது என்பது அவர்கள் வாதம். அன்றியும், 1832இல் லீபிக், வோலர் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் அதே சொல்லை அரிஸ்டாட்டிலின் மூலப்பொருள் என்ற கருத்தில் ஈறாகக் கொண்டு ‘பென்சாயில்’ என்ற பெயரை ஆக்கியிருந்தனர். இவ்வாறு ஒரே ஈறு ஓரிடத்தில் மரத்தையும் மற்றோரிடத்தில் மூலப்பொருளையும் சுட்டலாயிற்று. நாளடைவில் இரண்டு பொருளும் மறைந்து, வேதியியலார் வழங்கும் வெறும் ஈறாக அது எஞ்சியது.

மூன்றாம் உறுப்பு: சுர்மா

ஆல்கஹால் என்பது ‘அல்-குஹ்ல்’ என்னும் அரபுச் சொல்லின் ஐரோப்பிய வடிவம். குஹ்ல் என்பது கண்ணுக்கிடும் மை. அஞ்சனக்கல்லை மிக நுண்ணிய தூளாக அரைத்து ஆக்கப்படுவது. நம் இல்லங்களில் சுர்மா என்று வழங்குவது இதுவே. ‘இத்மித்’ என்னும் சுர்மா பார்வையைத் தெளிவாக்கும் என்னும் கருத்துடைய நபிமொழி ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றிருப்பதை வாசகர்கள் அறிவர். இதே வேரிலிருந்து பிறந்த ‘கஹ்ஹால்’ என்ற சொல் கண் மருத்துவரைக் குறிக்கும். பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா அல்-கஹ்ஹால் எழுதிய ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ கண் மருத்துவர்க்கான கையேடு. அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியரும் பயின்ற நூல்.

கண்ணுக்கிடும் தூள் போதைப்பொருளின் பெயரானது ஒரே நாளில் நிகழவில்லை. அரபு வேதியியல் நூல்கள் இலத்தீனுக்குச் சென்றபோது சுட்டிடைச்சொல்லாகிய ‘அல்’லும் சேர்ந்தே சென்றது. இலத்தீனில் ஆல்கஹால் என்பதற்கு முதற்பொருள் மிக நுண்ணிய தூள். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் அதுவே பொருள். தூளாக அரைப்பது ஒரு பொருளின் சாரத்தை எடுப்பதாகக் கருதப்பட்டமையால், எதனிலிருந்தும் வடித்தெடுத்த தூய சாரத்துக்கு அச்சொல் விரிந்தது. 1541இல் மறைந்த பாராசெல்சஸ் திராட்சை மதுவின் சாரத்தை ‘ஆல்கஹால் வினி’, அதாவது மதுவின் ஆல்கஹால், என்று எழுதினார். பின்னர் ‘வினி’ என்னும் அடைமொழி உதிர்ந்து, ஆல்கஹால் என்றாலே மதுவின் சாரம் என்றாயிற்று.

இங்கு இரண்டு செய்திகளைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒன்று, மதுவிலிருந்து வடித்த நீர்மத்தை இடைக்கால முஸ்லிம் அறிஞர்கள் அல்-குஹ்ல் என்று அழைக்கவில்லை. வடிகலத்தின் மூக்கில் துளித்துளியாகச் சொட்டுவதை அரபியர் ‘அரக்’, அதாவது வியர்வை, என்றனர். ஆங்கிலத்தின் ‘அராக்’ அதிலிருந்து வந்தது. அல்கிந்தி போன்றோர் வடிகலத்தைப் பெரிதும் வாசனைநீர் வடிக்கப் பயன்படுத்தினர். ஆகவே போதைப்பொருளுக்கு ஆல்கஹால் என்று பெயர் சூட்டியவர்கள் ஐரோப்பியர். பெயர் நம்முடையது, பெயரிட்டது நாமல்லேம்.

மற்றொன்று, ஆல்கஹால் என்பது திருக்குர்ஆனில் வரும் ‘கவ்ல்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது என்று நம்மிடையே சிலர் பேசியும் எழுதியும் வருகின்றனர். சுவனத்துப் பானத்தில் கவ்ல் இல்லை என்று அஸ்ஸாஃப்பாத் அத்தியாயத்தின் 47ஆம் வசனம் கூறுகிறது. அறியாமல் வந்து பற்றும் கேடு என்பது அதன் பொருள். கேட்பதற்கு இவ்விளக்கம் இனிமையானது. பொருத்தமும் உடையதாகத் தோன்றுகிறது. ஆயினும் சான்று இதற்கு எதிராக நிற்கிறது. ஐரோப்பாவில் இச்சொல் பல நூற்றாண்டுகள் தூளையே குறித்தது. போதையைக் குறித்தது பிற்காலத்தில்தான். கவ்லிலிருந்து வந்திருப்பின் தூள் என்ற பொருளுக்கு வழியே இல்லை. இக்கால அரபியிலும் ‘குஹூல்’ என்பதே பெருவழக்கு. ஆல்கஹாலுக்கு ‘கவ்ல்’ என்பதைக் கலைச்சொல்லாக ஆள்வோரும் உளர் என்பது உண்மை. ஆனால் அது அண்மைக்காலத் தேர்வு. சொல்லின் பிறப்புக்குச் சான்றாகாது. ‘அல்’ என்று தொடங்குவதையெல்லாம் நமக்குச் சாதகமாக விளக்குவது அறிவுக்கு அழகன்று. உண்மையான வரலாறே போதிய சிறப்புடையது.

ஒரே பெயருக்குள் இரு பொருள்கள்

தூமாவும் பெலிகோவும் செய்தது பெயர் சூட்டல் மட்டுமன்று. மரத்தின் சாரமும் மதுவின் சாரமும் ஒரே முறையில் அமைந்தவை. ஆகவே இரண்டையும் ஓரினமாகக் கொள்ளலாம் என்று அவர்கள் காட்டினர். அதுவரை ஒரு பொருளின் பெயராக இருந்த ஆல்கஹால், அதன்பின் ஒரு குடும்பத்தின் பெயராயிற்று. குடிக்கப்படும் எத்தனாலில் கார்பன் அணுக்கள் இரண்டு, மெத்தனாலில் ஒன்று. ஆய்வகத்தில் இந்த வகைப்பாடு மிகச் சரியானது. வேதியியல் அதனால் வளர்ந்தது. ஆனால் ஆய்வகத்துக்கு வெளியே, நஞ்சும் பானமும் ஒரே குடும்பப்பெயரைப் பெற்றுவிட்டன.

அடுத்த மாற்றங்கள் இவ்வேறுபாட்டை மேலும் மறைத்தன. 1866இல் ஹோஃப்மன் ‘மீத்தேன்’ என்ற பெயரை முன்மொழிந்தார். 1892இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள், ஆல்கஹால்களின் பெயர்கள் ‘ஆல்’ என்று முடிய வேண்டும் என்று விதித்தனர். அந்த ‘ஆல்’ ஆல்கஹால் என்னும் சொல்லின் வால். இவ்வாறு பிறந்த மெத்தனால் என்னும் பெயரைப் பிரித்துப் பார்ப்போர், தொடக்கத்தில் மதுவும் முடிவில் சுர்மாவும் மட்டுமே எஞ்சியிருப்பதைக் காண்பர். இப்பொருள் கிடைத்த இடத்தைக் காட்டிய ‘மரம்’ என்னும் உறுப்பு மறைந்துவிட்டது. எத்தனாலையும் மெத்தனாலையும் தமிழில் எழுதினால் முதலெழுத்து ஒன்றே வேறுபாடு.

1923இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் வளிமக் கலவையிலிருந்து மெத்தனாலைப் பெருமளவில் ஆக்கத் தொடங்கியது. இன்று அது இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் கிடைக்கிறது. பசை, வண்ணப்பூச்சு, மருந்து ஆகிய தொழில்களுக்கு அது இன்றியமையாதது. அதற்கும் மதுவுக்கும் தொடர்பில்லை. மரத்துக்கும் இப்போது தொடர்பில்லை. பெயரில் மட்டும் மது நிலைத்திருக்கிறது.

தமிழில் நாம் செய்ததும் இதுவே. மெத்தில் ஆல்கஹாலை ‘மரச்சாராயம்’ என்று எழுதுவதுண்டு. பொருளுக்குப் பொருள் நேரான பெயர்ப்புத்தான். ஆனால் சாராயம் என்பது தமிழில் குடிக்கும் பொருளின் பெயர். அதற்கு முன் மரம் என்ற அடையைச் சேர்த்தால், கேட்பவர் அதனைச் சாராயத்தின் ஒரு வகை என்றே கொள்வார். ‘கள்ளச்சாராயம்’ என்பதும் அவ்வாறே. ‘கள்ள’ என்னும் அடை சட்டத்தை மீறியதைச் சொல்கிறது. அதனுள் இருப்பது சாராயமே அன்று என்பதைச் சொல்லவில்லை.

உடலில் நிகழ்வது

மெத்தனால் உடலுக்குள் சென்றவுடன் கொல்வதில்லை. கல்லீரலில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அது எத்தனாலையும் மெத்தனாலையும் ஒரே வகையில் ஏற்றுக்கொள்கிறது. எத்தனாலிலிருந்து முடிவில் அசெட்டிக் அமிலம் கிடைக்கிறது. அது காடியில் உள்ள அமிலம். மெத்தனாலிலிருந்து ஃபார்மால்டிஹைடும், பின் ஃபார்மிக் அமிலமும் உண்டாகின்றன. ‘ஃபார்மிகா’ என்பது இலத்தீனில் எறும்பு. எறும்பின் கடியில் உள்ள அமிலம் இது. உடல் இதனை விரைவில் நீக்க இயலாமையால் குருதியில் அமிலம் பெருகுகிறது. உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றலை இழக்கின்றன. முதலில் தாக்கப்படுவனவற்றுள் பார்வை நரம்பும் ஒன்று. ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் தூய மெத்தனாலே நிலையான பார்வையிழப்பை உண்டாக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. கண்ணுக்கு ஒளி தரும் சுர்மாவின் பெயரைச் சுமந்துவந்த பொருள் கண்ணையே அவிக்கிறது.

இதில் கருதவேண்டிய செய்தி காலம். குடித்தபின் 12 முதல் 24 மணிநேரம் வரை பெரிய அறிகுறி தோன்றாமல் இருக்கலாம். பின்னரே பார்வை மங்குதல், வயிற்றுவலி, மூச்சுத்திணறல் ஆகியன வரும். அவ்விடைவேளையில் மருத்துவமனையை அடைந்தவரைக் காப்பாற்ற வழியுண்டு. நொதி மெத்தனாலைத் தொடாதவாறு தடுக்கும் ஃபோமெபிசோல் என்னும் மருந்து, 2013 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. அது கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் எத்தனாலையே மாற்றாகத் தருவர். ‘ளரூரத்’ என்னும் நிர்ப்பந்த விதியின்கீழ் ஃபிக்ஹு அறிஞர்கள் ஆராயத்தக்க நிலை அது. குருதியைச் சுத்திகரிப்பதும் பயனளிக்கும். ஆனால் தான் குடித்தது சாராயம் என்று நம்புபவர், போதை தெளியட்டும் என்று படுத்துக்கொள்வார். வீட்டாரும் எழுப்பமாட்டார். குடித்தது மெத்தனால், அது நஞ்சு என்று தெரிந்தால் அன்றே ஓடுவர். பெயர் இங்கே சில மணிநேரங்களின் விலையைப் பெறுகிறது.

பெயரிடும் இரு முறைகள்

பொருள்களுக்குப் பெயரிடுவதில் இரண்டு முறைகள் உண்டு. பிறந்த இடத்தைக் கொண்டு பெயரிடுவது ஒன்று. விளைவைக் கொண்டு பெயரிடுவது மற்றொன்று. மெத்தில் என்பது முதல் முறையைச் சார்ந்தது. இஸ்லாமியச் சட்ட மரபு இவ்வினாவை மிக முன்பே எதிர்கொண்டது. திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றிலிருந்து மது ஆக்கப்பட்ட காலத்தில், அறிவை மூடுவது எதுவோ அதுவே ‘கம்ரு’ என்று கலீஃபா உமர் (ரலி) மிம்பரில் நின்று விளக்கினார்கள். கம்ரு என்னும் சொல்லின் வேர்ப்பொருளும் மூடுதலே. முற்கால ஹனஃபி அறிஞர்கள் அப்பெயரைத் திராட்சைச்சாற்று மதுவுக்கு மட்டும் உரியதாகக் கொண்டனர். ஷாஃபியீ முதலிய ஏனைய மத்ஹபினர் போதை தரும் அனைத்துக்கும் விரித்தனர். பெயர் மூலத்தைத் தொடருமா, விளைவைத் தொடருமா என்பதே அவ்விவாதத்தின் மையம். பொதுமக்களின் பாதுகாப்பு கருதப்படும் இடத்தில் விளைவைச் சொல்லும் பெயரே பயனுடையது என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மது நமக்கு விலக்கப்பட்டது. ஆகவே இச்சாவுகள் நம்மைச் சார்ந்தவையல்ல என்று ஒதுங்கிவிட முடியாது. எக்கியார்குப்பத்தில் மாண்டவர்கள் நம் அண்டை வீட்டார். கடற்கரை ஊர்களில் நம்மவரும் மீனவரும் தலைமுறைகளாக ஒரே கரையில் வாழ்பவர்கள். குடியைக் கண்டிப்பது ஒன்று. நஞ்சைச் சாராயம் என்று விற்பவனை விட்டுவிட்டு மாண்டவனின் குடிப்பழக்கத்தை மட்டும் பேசுவது வேறொன்று. பின்னதற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை.

எனவே அறிவியல் தமிழில் எழுதுவோரும், பள்ளிப் பாடநூல் ஆக்குவோரும், இதழாளரும் மெத்தனாலுக்குச் சாராயம் என்ற சொல் சேர்ந்த பெயரை ஆளாதிருத்தல் நலம். மெத்தனால் என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ‘பார்வையையும் உயிரையும் பறிக்கும் தொழிற்சாலை நஞ்சு’ என்று ஒரு சொற்றொடரைச் சேர்க்கலாம். வேதியியலார் வைத்த பெயரை நாம் மாற்ற இயலாது; மாற்றவும் வேண்டியதில்லை. அப்பெயர் சொல்லாமல் விட்டதை நாம் சொல்லலாம்.